வெஸல் என்றால் பாத்திரமா, கப்பலா?

மான்செஸ்டரில் படிக்கப் போயிருக்கும் ஒரு பெண் கேட்டிருந்த கேள்வி இது. வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஆங்கிலேயத் தோழி ஒருநாள் இருவருக்கும் சேர்த்துச் சமைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் இவர், "ஐ வில் வாஷ் த வெஸல்ஸ்" என்று சொல்லியிருக்கிறார். தோழிக்கு ஒரு நொடி ஒன்றும் பிடிபடவில்லை. "வெஸல் என்றால் கப்பல் அல்லவா?" என்று கேட்டுவிட்டாராம். சின்ன வயதிலிருந்து பாத்திரம் என்றால் வெஸல் என்றுதானே படித்தோம், அது தப்பா? அங்கே பாத்திரத்துக்கு அன்றாடம் என்ன சொல்வார்கள்? இதுதான் அவர் கேட்டது.

தப்பு இல்லை. எந்த ஆங்கில அகராதியைப் பிரித்தாலும் வெஸல் என்ற சொல்லுக்குக் கொள்கலம் என்ற பொருள் இருக்கும். அது பேசுகிற இடம்தான் வேறு. உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிட்டு எழுந்து, "உண்கலங்களை நான் கழுவித் தருகிறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொல் சரி, பொருளும் சரி. ஆனாலும் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்போம் இல்லையா? மான்செஸ்டர் சமையலறையில் வெஸல் என்பது அப்படித்தான் காதில் விழும்.

சரி, வெஸல் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் எதை வைப்பது? இங்கேதான் நம் ஆட்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். பாத்திரம் என்பதற்கு ஈடாக ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடுகிறார்கள். அன்றாட ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. நமக்கு அடுப்பில் இருந்தாலும் பாத்திரம், தரையில் இருந்தாலும் பாத்திரம், கடையில் தொங்கினாலும் பாத்திரம். ஆங்கிலத்தில் அதே பொருள் அடுப்பில் இருக்கும்போது ஒரு பெயர், மேசைக்கு வந்தால் ஒரு பெயர், கழுவப் போட்டால் இன்னொரு பெயர், கடையில் விற்கும்போது வேறொரு பெயர். ஆகவே "பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பாத்திரம் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கழுவப் போட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம், கேள்வி அங்கேதான் பிறந்தது. பிரிட்டனில் "ஐ வில் டூ த வாஷிங்-அப்" என்பார்கள். இதில் பாத்திரம் என்ற சொல்லே கிடையாது, கவனித்தீர்களா? வேலையின் பெயரே போதும். அமெரிக்காவில் "ஐ வில் டூ த டிஷஸ்". டிஷ் என்பது லத்தீன் 'டிஸ்குஸ்' என்பதிலிருந்து வந்தது. வட்டத்தட்டைக் குறிக்கும் டிஸ்க், எழுதும் மேசையைக் குறிக்கும் டெஸ்க் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். பிறப்பால் தட்டையான பொருளுக்கு உரிய சொல். ஆனால் கழுவு தொட்டிக்குள் விழுந்ததும் கிண்ணம், டம்ளர், கரண்டி, அடிப்பிடித்த சட்டி என எல்லாமே டிஷஸ் ஆகிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்துக்கு பிரிட்டனில் "வாஷிங்-அப் லிக்விட்", அமெரிக்காவில் "டிஷ் சோப்". ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பிரிட்டனில் "வாஷ் அப்" என்றால் பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கை முகம் கழுவிக்கொள்வது என்று பொருள். அமெரிக்கர் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் "வாஷ் அப்" என்று சொன்னால் பாத்திரம் கழுவப் போய்விடாதீர்கள்.

நம்மிடமும் கழுவப் போட்டதற்கென்று தனிப்பெயர் ஒன்று உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. 'பத்துப் பாத்திரம் தேய்க்கிறாள்' என்கிறோமே, அந்தப் பத்து எண்ணிக்கை இல்லை. அது பற்று. சோறும் குழம்பும் பற்றிக் காய்ந்துபோன பாத்திரம், பற்றுப் பாத்திரம். பேச்சில் பத்து ஆகிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் வெளிநாட்டு உணவகத்தில் இந்த வேலை செய்வதைக் 'கோப்பை கழுவுவது' என்பார்கள். ஐரோப்பாவுக்குப் போன முதல் தலைமுறையில் எத்தனையோ பேருடைய வாழ்க்கை அந்த இரண்டு சொற்களில் அடங்கும். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அமெரிக்கர் தட்டைப் பிடித்துக்கொண்டார், ஈழத்தவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டார், நாம் ஒட்டியிருக்கும் பற்றைப் பிடித்துக்கொண்டோம்.

அடுப்புக்கு வருவோம். மொத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் "பாட்ஸ் அண்ட் பான்ஸ்". தனித்தனியாகச் சொல்லும்போது ஆழமானது பாட், தட்டையானது பான் என்று வைத்துக்கொள்ளலாம். ரசம் வைக்கும் பாத்திரம், பருப்பு வேகவைக்கும் குண்டான் இவையெல்லாம் பாட். தாளிக்கிற, பொரிக்கிற தட்டைப் பாத்திரம் "ஃபிரையிங் பான்". இந்த வரையறையை மீறுகிற ஒன்று "சாஸ்பான்". ஆழமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பக்கம் நீளமான ஒற்றைக் கைப்பிடி உள்ளதால் அது பான் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் வீடுகளில் அதிகம் புழங்குவது இதுதான். பால் காய்ச்ச, முட்டை அவிக்க, நூடுல்ஸ் செய்ய எல்லாவற்றுக்கும் சாஸ்பான். நம் வீட்டுப் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் கைப்பிடியே இருக்காது, இடுக்கியால் பிடித்து இறக்குவோம். அந்த இடுக்கிக்கு அங்கே வேலை இல்லை, அதனால் அதற்கு எல்லாருக்கும் தெரிந்த பெயரும் இல்லை.

வாணலிக்கு வோக் என்று சொன்னால் புரியும், ஆனால் அது சீனப் பாத்திரம். இந்திய உணவகங்களின் புண்ணியத்தில் கடாய், தவா இரண்டும் பிரிட்டனில் ஓரளவு தெரிந்த சொற்களே. தோசைக்கல்லைத் தவா என்றே சொல்லலாம், புரியாவிட்டால் "கிரிடில்". தோசைத் திருப்பிக்கு அமெரிக்காவில் ஸ்பாட்டுலா, பிரிட்டனில் "ஃபிஷ் ஸ்லைஸ்". சுத்த சைவ வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஒரு மாதிரி இருக்கும், ஆனால் கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். சோறு வடிக்கிற ஓட்டைத் தட்டு "கொலண்டர்", மாவு சலிக்கும் சல்லடை "சீவ்", டீ வடிகட்டி "ஸ்ட்ரெயினர்". கரண்டி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். சாப்பிடுவது ஸ்பூன், குழம்பை மொண்டு ஊற்றுவது லேடில்.

அடுத்து குக்கர். வெஸலைவிடப் பெரிய குழப்பம் தருவது இதுதான். பிரிட்டனில் குக்கர் என்றால் அடுப்பு. மேலே தீ எரியும் இடமும் கீழே கேக், ரொட்டி சுடும் 'ஓவனும்' சேர்ந்த அந்த முழுச் சாதனம்தான் குக்கர். "குக்கரைக் கழுவ வேண்டும்" என்று சொன்னால் அடுப்பைத் துடைக்கப் போகிறீர்கள் என்று நினைப்பார்கள். "குக்கர் மூன்று விசில் விட்டதும் இறக்கு" என்றால் ஒன்றுமே புரியாது. நம் குக்கரை "பிரஷர் குக்கர்" என்று முழுப்பெயரில் சொல்லுங்கள். அதன் மூதாதையை டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் செய்து காட்டினார். எலும்பையே குழைய வேகவைக்கும் பாத்திரம் அது. ஆனால் இன்றைக்கு அதன் விசிலை வைத்து நேரம் கணக்கிடுவது நம் ஊர்ப் பழக்கம். அது கேட்காத வீட்டில் வளர்ந்தவருக்கு மூன்று விசில் என்பது ஓர் அளவு என்றே தெரியாது.

மேசைக்கு வந்தால் டம்ளரைச் சொல்லாமல் போக முடியாது. தமிழில் டம்ளர் என்றதும் எவர்சில்வர்தான் கண்ணில் தெரியும். ஆங்கிலத்தில் அது கண்ணாடிக் குவளை, கைப்பிடியோ காம்போ இல்லாதது. பதினேழாம் நூற்றாண்டில் அதற்கு அந்தப் பெயர் வந்த காரணம் அழகானது. அப்போது அதன் அடிப்பகுதி உருண்டையாகவோ கூம்பாகவோ இருந்ததாம், கீழே வைத்தால் நிற்காமல் உருளும். உருண்டு விழுவதற்கு ஆங்கிலத்தில் 'டம்பிள்'. ஊற்றியதைக் குடித்து முடித்த பிறகுதான் கீழே வைக்க முடியும். பிறகு அடி தட்டையாகி நிமிர்ந்து நின்றுவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அமெரிக்கக் கடைகளில் டம்ளர் என்று கேட்டால் மூடியோடு கூடிய, சூடு தாங்கும் பெரிய பயணக் குவளையை எடுத்துத் தருவார்கள். நம் காப்பி டம்ளரைச் சொல்ல "ஸ்டீல் கப்" என்பதே போதும். 'எவர்சில்வர்' என்ற சொல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புரியாது, "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று சொல்லுங்கள். 'ஸ்டீல் கிளாஸ்' என்றும் நாம் சொல்கிறோம். ஆங்கிலேயர் காதுக்கு அது இரும்பால் செய்த கண்ணாடி என்பதுபோல் ஒலிக்கும்.

டவராவுக்குச் சொல் தேட வேண்டாம், டவராவேதான். வேண்டுமானால் ஆற்றிக் குடிக்கும் கிண்ணம் என்று விளக்குங்கள். மக் என்பது நமக்குக் குளியலறைப் பொருள், அங்கே காப்பி குடிப்பது. யாராவது "எ மக் ஆஃப் டீ?" என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றும் மூக்கு வைத்த பாத்திரத்துக்கு பிரிட்டனில் ஜக், அமெரிக்காவில் பிட்சர். கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும், தேயிலை போட்டு ஊறவைப்பது டீபாட். இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஆங்கிலேயர் கட்டாயம் திருத்துவார், தேநீர் விஷயத்தில் அவர்கள் கறார்.

நம் குடத்துக்கு ஈடு கிடையாது என்பதே என் முடிவு. இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கென்று வளைந்த உடல், கை கோத்துப் பிடிக்கக் குறுகிய கழுத்து, தளும்பாமல் இருக்க விரிந்த விளிம்பு என்று சுமக்கிற உடம்புக்கு ஏற்ப வடிவம் பெற்ற பாத்திரம் அது. குழாய் வீட்டுக்குள் வந்துவிட்ட ஊர்களில் அந்தத் தேவையும் போய்ச் சொல்லும் போய்விட்டது. "வாட்டர் பாட்" என்று சொல்லலாம், ஆனால் அதற்குள் குடம் இருக்காது.

டப்பாக்கள் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிச்சச் சாப்பாட்டை வைக்கும் பிளாஸ்டிக் டப்பா கன்டெய்னர் அல்லது டப். ஊறுகாய் பாட்டில் என்பதை அவர்கள் ஜார் என்பார்கள். வாய் அகன்றது ஜார், கழுத்து குறுகியதே பாட்டில். அடைத்து விற்கும் தகர டப்பா பிரிட்டனில் டின், அமெரிக்காவில் கேன். மதியச் சாப்பாடு கொண்டுபோவது "லஞ்ச்பாக்ஸ்". டிஃபின் என்று சொல்லிவிடாதீர்கள், பிரிட்டனில் டிஃபின் என்பது ஓவனில் வைக்காமல் செய்யும் ஒரு சாக்லேட் பிஸ்கட் கேக்.

கடையில் விற்கும்போது இவை எல்லாம் மறுபடியும் பெயர் மாறும். சமைக்கும் பாத்திரங்கள் இருக்கும் பகுதியில் "குக்வேர்" என்று எழுதியிருக்கும். பீங்கான் தட்டு, கோப்பை வகையறா "கிராக்கரி". கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் மூன்றும் பிரிட்டனில் "கட்லரி", அமெரிக்காவில் "சில்வர்வேர்" என்பார்கள், வெள்ளி துளிக்கூட இல்லாவிட்டாலும். யுடென்சில் என்ற சொல்லை நம் ஊர்க் கடைப் பலகைகளில் பாத்திரத்துக்குப் போட்டிருப்பார்கள். அங்கே அது கையில் பிடித்து வேலை செய்யும் கரண்டி, கிண்டும் மத்து, திருப்பி போன்றவற்றுக்குத்தான். அண்டாவை யுடென்சில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றாடத் தேவைக்கு இவ்வளவு போதும். ஆனால் வெஸல் என்ற சொல்லை இப்படிப் பாதியில் கைவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது ஒருகாலத்தில் ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறைச் சொல்லாகத்தான் இருந்தது.

1611இல் வந்த ஆங்கில பைபிளை எடுத்துக்கொள்ளுங்கள், கிங் ஜேம்ஸ் பதிப்பு என்பார்கள். கடனில் மூழ்கிய ஒரு விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி, அக்கம்பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி வா என்கிறார். வீட்டில் மிச்சமிருந்த ஒரு குடம் எண்ணெய் அத்தனை பாத்திரத்தையும் நிரப்புகிறது. அங்கே ஆங்கிலத்தில் இருப்பது வெஸல்தான். நாம் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவோமே, அதே பாத்திரம். இருபதாம் நூற்றாண்டில் எளிய ஆங்கிலத்தில் செய்த நியூ இன்டர்நேஷனல் பதிப்பில் அந்த இடத்தில் ஜார் என்று மாற்றிவிட்டார்கள். மண்பாண்டத்தில் பொக்கிஷத்தைப் பெற்றிருக்கிறோம் என்று பவுல் எழுதும் இடத்திலும் அப்படித்தான். பழையதில் வெஸல், புதியதில் ஜார். பவுலையே கடவுள் 'தெரிந்துகொண்ட பாத்திரம்' என்று சொல்லும் இடத்தில் பழையதில் வெஸல், புதியதில் கருவி என்ற பொருள்படும் சொல். இடையில் வந்த மூன்றரை நூற்றாண்டுகளில் அந்தச் சொல் வீட்டை விட்டு வெளியேறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பழமொழியில் மட்டும் அது மாட்டிக்கொண்டு நிற்கிறது. காலிப் பாத்திரம்தான் அதிகச் சத்தம் போடும் என்பதை ஷேக்ஸ்பியர் தன் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் அப்போதே பழமொழியாகத்தான் எடுத்தாள்கிறார். நம் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டுப் பக்கத்திலேயே 'நிறைகுடம் தளும்பாது' என்று எழுதிக்கொண்டோம். அந்தப் பள்ளிக்கூடப் படிப்பும், பழைய பைபிளும், பழைய அகராதிகளும்தான் வெஸலை நம்மிடம் தங்க வைத்தன என்று நினைக்கிறேன். வின்சுலோ 1862இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியில் பாத்திரத்துக்கு வெஸல் என்றுதான் இருக்கும். பாத்திரத்துக்கு ஒரே சொல் வேண்டும் என்ற நம் தேவைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது, நாமும் விடவில்லை. ஆகவே தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் வெஸல் என்பது பிழையாக முளைத்த சொல் இல்லை. அங்கே கைவிட்டதை இங்கே புழக்கத்தில் வைத்திருக்கிறோம்.

இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'வாஸ்' என்றால் கலம். அதன் குட்டி வடிவம் 'வாஸ்கெல்லும்', சிறுகலம். பழைய பிரெஞ்சு வழியாக இது ஆங்கிலத்துக்கு வந்தது. பூச்சாடிக்குச் சொல்லும் வாஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேர்தான். பிரெஞ்சில் இது இரண்டாகக் கிளை பிரிந்தது. 'வெஸோ' என்றால் கப்பல், 'வெஸேல்' என்றால் சாப்பாட்டுப் பாத்திரங்கள். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர் பாத்திரம் கழுவுவதற்கு 'ஃபேர் லா வெஸேல்' என்றே சொல்கிறார். மான்செஸ்டரில் சொன்னதை அந்தப் பெண் பாரிஸில் சொல்லியிருந்தால் தோழி உச்சரிப்பை மட்டும் திருத்தியிருப்பார்.

இன்றைய ஆங்கிலத்தில் வெஸல் எங்கே வாழ்கிறது? முதலில் கடலில். கப்பல், படகு, இழுவைப் படகு, மீன்பிடி விசைப்படகு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் தேவைப்படும்போது, அதிலும் சட்டத்தில், வெஸல்தான். கடலில் மோதலைத் தவிர்க்க 1972இல் வகுத்த சர்வதேச விதிகளில், நீரில் போக்குவரத்துக்குப் பயன்படும், பயன்படக்கூடிய எல்லாவகை ஊர்தியும் வெஸல் என்று வரையறுத்திருக்கிறார்கள், நீரில் இறங்கும் விமானம் உட்பட. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கே வந்து, 2013இல் தீர்ப்பானது. ஃபுளோரிடாவில் ஒருவர் தண்ணீரில் மிதக்கும் ஒரு வீட்டில் குடியிருந்தார். அது வெஸலா வீடா என்பதுதான் கேள்வி. வெஸல் என்றால் கடல்சார் சட்டம் பாயும், வீடு என்றால் பாயாது. பார்க்கிற எவருக்கும் அது பயணத்துக்கென்று செய்யப்பட்டதாகத் தோன்றாது, ஆகவே வெஸல் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மிதப்பது எல்லாம் வெஸல் ஆகிவிடாது.

அடுத்து உடம்புக்குள் இரத்தக் குழாய். அப்புறம் தொழிற்சாலையில் உயர் அழுத்தத்தைத் தாங்கும் கலன், "பிரஷர் வெஸல்". அருங்காட்சியகத்திலும் அகழாய்வு அறிக்கையிலும், கிடைத்தது சட்டியா பானையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத மண்கலத்துக்கு வெஸல் என்று எழுதுவார்கள். பார்த்தீர்களா, எங்கெல்லாம் வகை தெரியாத, அல்லது வகையைத் தாண்டிய ஒரு பொதுச்சொல் தேவையோ அங்கெல்லாம் இது நிற்கிறது. சமையலறையில் அவர்களுக்கு அந்தப் பொதுச்சொல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

தோழி கேட்ட "கப்பல் அல்லவா?" என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு பதில் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நிறையாது. பானைக்கும் கப்பலுக்கும் ஒரே பெயர் எப்படி என்று அவர் வியந்திருக்கலாம். நமக்கு வியப்பே வரக்கூடாது. நம் கலம் என்ற சொல்லும் அச்சு அசலாக அப்படித்தான். திருக்குறளிலேயே பாருங்கள். சுடாத பச்சை மண் கலத்தில் நீர் ஊற்றி வைப்பது போல என்று 660ஆம் குறளில் வரும்போது அது பானை. கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் கலன் என்று 605ஆம் குறளில் வருவதைப் பரிமேலழகர் மரக்கலம் என்கிறார். 60ஆம் குறளில் நல்ல மக்களைப் பெறுவது நன்கலம் என்று வரும்போது அது அணிகலன்.

அதைவிட எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடியது. "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல், பொன்செய் புனைகலத்து ஏந்தி" என்று வரும். யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர், கொண்டுவந்த மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க, நீ மகிழ்ந்திரு என்கிறார். இரண்டாவது கலம் கிண்ணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. முதல் கலம்? பழைய உரை குப்பி என்கிறது, மது வந்த சாடி. இன்னும் சிலர் அதைக் கப்பல் என்று படிக்கிறார்கள். அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனரின் நன்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது, அங்கே அது கப்பலேதான் என்பதால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்காருகிறவருக்கு வெஸல் என்ற ஒரு சொல்தான் கைகொடுக்கும். கப்பலா சாடியா என்று முடிவு செய்யாமலே, தமிழில் உள்ள மயக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் சொல் வேறு இல்லை.

கலம் அளவாகவும் இருந்தது. பன்னிரண்டு மரக்கால் நெல் ஒரு கலம். இதிலும் ஆங்கிலத்தோடு ஒரு பொருத்தம். கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் டன் என்பது, எத்தனை 'டன்' மது ஏற்றலாம் என்று பீப்பாயை வைத்துக் கணக்கிட்டதிலிருந்து வந்தது. பீப்பாய்க்கு அந்தப் பெயர் இருந்தது, அதுவே எடையாகி, கப்பலுக்கும் அளவாகிவிட்டது.

இலங்கையில் கலம் இன்னும் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் செல் என்று படிக்கும் உயிரணுவை அங்கே கலம் என்று படிக்கிறார்கள். இரத்தக் குழாய் அங்கே குருதிக்கலன். தமிழ்நாட்டில் கலம் வானத்துக்குப் போய் விண்கலம் ஆனது. எரிவாயு சிலிண்டருக்குக் கலன் என்று எழுதுகிறோம். வீட்டுப் பேச்சில் மட்டும் அது இல்லை, அந்த இடத்தைப் பாத்திரம் எடுத்துக்கொண்டது. வெஸலுக்கு நேர்ந்ததேதான் கலத்துக்கும் நேர்ந்தது.

நம்மிடமிருந்து அங்கே போன சொற்களும் உண்டு. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பேச்சில் நம் சட்டி 'சாட்டி' என்று புழங்கியது. 1886இல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் சொற்களஞ்சியத்தில் அதற்குத் தனிப்பதிவு இருக்கிறது. அது ஆட்சியோடு போய்விட்டது. போகாமல் தங்கியது கட்டுமரம். டேம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைக்கு 'கட்டமரான்' என்றால் அங்கே இரட்டை உடல் கொண்ட படகு. நம் கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டியது, அவர்களுடையது இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைத்தது. கட்டுவது மட்டும் பொது. தோழி கப்பல் என்று கேட்டாரே, அவரிடம் இதையும் சொல்லலாம்.

நாளைக்கு அவர் மறுபடியும் சமைத்தால் "யூ குக்ட், ஐ வில் டூ த வாஷிங்-அப்" என்று சொல்லுங்கள், இயல்பாக இருக்கும். விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தில் "டிஷஸை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டாம். இங்கே டிஷ் என்றால் சாப்பாட்டு வகை, சைடு டிஷ் என்றால் தொட்டுக்கொள்ள இருப்பது. பொரியல் செய்யப் போகிறீர்கள் என்று நினைத்துக் காய் நறுக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே வெஸல் என்றே சொல்லுங்கள்.